பதினேழாம் ஆணி

வகுப்பை நடத்தி முடிப்பதற்கு முன்பே பதிவேட்டில் கைரேகை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? கையைத் தூக்க வேண்டாம். எனக்கு இருந்தது. சாப்பாட்டு நேரம் வந்தால் கூட்டம் கலைந்துவிடும், அப்புறம் ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து விரலில் மை தடவ வேண்டும் என்ற சோம்பேறித்தனம்தான் காரணம். பெரிய சூழ்ச்சி எதுவும் இல்லை. சூழ்ச்சி எதுவும் இல்லாமலே ஓர் ஆளைச் சாகவிடலாம் என்று நான் தெரிந்துகொண்ட கதையைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

குவாரித் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். நான் அந்த வேலைக்கு வந்தது எழுபதுகளின் நடுவில். மதுரை டவுனில் பிறந்தவன், வாத்தியார் மகன், கல் உடைப்பதைப் படத்தில் பார்த்தவன். முதல் நாள் பாலிஷ் போட்ட செருப்போடு கிடங்குக்குள் இறங்கினேன். சாயங்காலம் ஏறும்போது ஒரு செருப்புதான் இருந்தது. அன்றைக்குச் சிரித்த பெண்கள் நான் ஓய்வு பெறுகிறவரை அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

நான் சொல்லப்போகும் குவாரி வாடிப்பட்டி தாண்டி, திண்டுக்கல் சாலையை விட்டு உள்ளே போகவேண்டிய இடத்தில் இருந்தது. மலையை மேலிருந்து குடைந்து குடைந்து, ஏழெட்டுப் பனை ஆழத்துக்குக் கிடங்காக்கி வைத்திருந்தார்கள். மூன்று பக்கம் செங்குத்துப் பாறை, ஒரு பக்கம் ஏறி இறங்கும் பாதை. உள்ளே நின்று பேசினால் நம் குரலே கொஞ்ச நேரம் கழித்து வேறு யாரோ பேசுவதுபோலத் திரும்பி வரும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் கிசுகிசுத்துத்தான் பேசுவார்கள்.

அங்கே முப்பத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். உச்சி நேரத்தில் எல்லோரும் மேலே ஏறிய பிறகு வெடி வைப்பது வழக்கம். யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று கண்ணால் பார்த்துத்தான் கணக்கு. எனக்கு அது பிடிக்கவில்லை. கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் சொல்லி, ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை எண் அடித்த பித்தளை டோக்கன்கள் செய்து வாங்கினேன். கிடங்கு வாசலில் ஒரு பலகை, அதில் வரிசைக்கு எட்டு ஆணியாக நான்கு வரிசை, ஒவ்வோர் ஆணிக்கு மேலும் அதன் எண். இறங்கும்போது உன் டோக்கனை எடுத்து மடியில் வைத்துக்கொள், ஏறி வந்ததும் உன் ஆணியில் மாட்டு. எல்லா ஆணியிலும் டோக்கன் தொங்கினால்தான் திரியில் நெருப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தன் ஆணி எது என்று தெரியும். எனக்கு அப்போது தலை கொஞ்சம் கனத்துப் போயிருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும்.

பதினேழாம் ஆணி பாண்டி என்பவருடையது. முப்பது வயதுக்காரர். நன்றாகப் பாடுவார், கேள்வி நிறையக் கேட்பார். அவர் வந்த பயிற்சி வகுப்பில் வழக்கம்போல நான் முதலிலேயே எல்லோரிடமும் கைரேகை வாங்கிக்கொண்டேன். பாதி வகுப்பில், லாரி வந்து நிற்கிறது, லோடு ஏற்ற ஆள் வேண்டும் என்று குவாரி கணக்குப்பிள்ளை வந்து நான்கு பேரைக் கூப்பிட்டார். பாண்டியும் எழுந்தார். "போயிட்டு வாரேன் சார், மிச்சத்த அப்புறம் சொல்லுங்க" என்றார். நான் தலையாட்டினேன். மிச்சத்தை நான் அப்புறம் சொல்லவில்லை.

அந்த மிச்சம் என்ன தெரியுமா? மழை பெய்த மறுநாள், மேலே போய்ப் பாறை விளிம்பை யாராவது பார்த்து வருகிறவரை அதன் அடியில் போய் நிற்காதே என்பதுதான்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி முழுக்க மழை. காலையில் பாண்டி பாறையடியில் போய் நின்றார். மேலிருந்து சரிந்தது. உடலை எடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. டோக்கன் மட்டும் கிடைக்கவில்லை. அந்தச் சரிவுக் கல்லை அள்ள யாருக்கும் மனசு வராமல் அப்படியே ஒரு மூலையில் குவியலாக விட்டுவிட்டார்கள்.

விசாரணை வந்தது. பதிவேட்டைக் கேட்டார்கள், கொடுத்தேன். பாண்டியின் கைரேகை அதில் அச்சாக, அழகாக விழுந்திருந்தது. "உரிய பயிற்சி பெற்றிருந்தும் தொழிலாளி தன் கவனக்குறைவால் விபத்துக்கு உள்ளானார்" என்று எழுதப்பட்ட தாளின் கீழே நானும் ஒரு கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம். வேறு காரணம் சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வெடி மேஸ்திரி என்னிடம் வந்தார். குழிகளில் மருந்து இறக்கித் திரி கொளுத்துகிற ஆள் அவர். பாண்டிக்கு மாமன் முறை. நெஞ்சுரம் உள்ளவர், அதிகம் பேசமாட்டார்.

"சார், பதினேழாம் நம்பர வேற ஆளுக்குக் குடுத்துராதீங்க."

"ஏன் மேஸ்திரி?"

"டோக்கன் இன்னும் உள்ளதான கெடக்கு. அது வெளிய வர்ற வரைக்கும் அவனும் வெளிய வரலைன்னுதான் எங்களுக்குத் தோணுது. அந்த ஆணி சும்மா கெடக்கட்டும்."

என் பாடப் புத்தகப்படி நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். அன்றைக்கே அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டு, முப்பத்தொரு ஆணியோடு பலகையை மாற்றியிருக்க வேண்டும். செய்யவில்லை. அந்த மனிதருக்கு நான் செய்த துரோகத்துக்கு இந்தச் சின்ன மரியாதையாவது கொடுப்போம் என்று நினைத்தேன். அவர்களுக்கும் என்மேல் பிரியம் வந்தது. "டவுன் சாரா இருந்தாலும் மனசு உள்ளவரு" என்று பேசிக்கொண்டார்கள். அது காதில் விழுந்தபோது இனித்தது.

அதன் பிறகு அந்தக் கிடங்கில் ஒரு புது வழக்கம் முளைத்தது. உச்சி நேரத்தில் விசில் ஊதி, எல்லோரும் ஏறி, டோக்கன்களை மாட்டுவார்கள். மேஸ்திரி பலகையைப் பார்ப்பார். ஓர் ஆணி காலி. விளிம்பில் போய் நின்று, "பாண்டியத் தவிர அம்புட்டுப் பேரும் ஏறியாச்சா?" என்று கேட்பார். "ஏறியாச்சு!" என்று கூட்டம் சொல்லும். பிறகு அவர் கிடங்குக்குள் குனிந்து, "பாண்டி, ஒதுங்கிக்கடா மாப்ள!" என்று கத்துவார். எதிர்ப்பாறையில் பட்டு அந்தக் குரல் திரும்பி வரும். வந்த பிறகுதான் இறங்கித் திரி கொளுத்துவார்.

முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பத்தாம் தடவை நான் என் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொன்னார்கள். எல்லோரும் ஏறிய பிறகு கிடங்குக்குள் சில நாள் சத்தம் கேட்கிறதாம். டொக், டொக் என்று யாரோ உளி வைப்பதுபோல. கல் சுமக்கும் பெண்கள் அந்தச் சத்தம் கேட்டால் கும்பிட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்வார்கள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று நான் அவர்களைக் கேலி செய்வேன். வெயிலில் காய்ந்த பாறை விரிவதாலும் சுருங்குவதாலும் அந்தச் சத்தம் வருகிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். வெடி இல்லாத ஒருநாள் உச்சி உருமத்தில், பாறைச் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நான் மட்டும் உள்ளே இருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் டொக் என்றது. திரும்பினேன், யாரும் இல்லை. வெயில் தரையில் ஒரு பொட்டு நிழல்கூட இல்லை. கல் விரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்பவும் நம்பினேன். ஆனால் பார்க்க வேண்டியதை முழுதாகப் பார்க்காமலே மேலே ஏறிவிட்டேன்.

பாண்டியின் மனைவி பேச்சி, தை மாதம், வேலையை விட்டு நின்ற ஒரு பெண்ணின் இடத்தில், அதே குவாரிக்குக் கல் சுமக்க வந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பயிற்சி வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் கைப் பழக்கத்தில் மைப்பெட்டியை எல்லோருக்கும் நீட்டிக்கொண்டே வந்தேன். பேச்சி கையை நீட்டவில்லை.

"வகுப்பு முடியட்டும் சார். அப்புறம் வைக்கிறேன்."

மற்றவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்தேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவர் எழுந்து வந்து, கட்டைவிரலை மையில் தோய்த்து, தாளில் அழுத்தி வைத்துவிட்டுப் போனார்.

இன்னொருவரையும் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அய்யாவு. ஒன்பதாம் ஆணி. பாறையில் துளை போடுகிற மிஷினைப் பன்னிரண்டு வருஷமாகப் பிடித்தவர். இரண்டு காதும் போய்விட்டது. பக்கத்தில் நின்று கத்தினாலும் வாயசைவைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். அந்தக் காலத்தில் அதை நோய் என்று யாரும் நினைக்கவில்லை. டிரில்லர் என்றால் செவிடு, கொல்லன் என்றால் கை காய்ப்பு, அவ்வளவுதான். காதில் வைத்துக்கொள்ள நான் கொடுத்த பஞ்செல்லாம் கருப்பசாமி கோயில் விளக்குக்குத் திரியாகப் போய்ச் சேர்ந்தது. அய்யாவுக்கு விசில் கேட்காது. மற்றவர்கள் ஏறுவதைப் பார்த்தால் அவரும் ஏறுவார். அதுவே போதும் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

பங்குனி மாதம். பாண்டி போய் ஐந்து மாதம். அன்று ஆறு பேர் கொண்ட புது அணிக்கு முதல் நாள் பயிற்சி. குவாரிக்காரர் ஒருவழியாக அந்தப் பழைய சரிவுக் குவியலை அள்ளச் சொல்லிவிட்டார் என்றும், காலையிலிருந்து பெண்கள் அதை அள்ளிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் மேஸ்திரி சொன்னார். அதில் நான் யோசிக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

உச்சி நேரம். விசில். ஆட்கள் வரிசையாக ஏறி வந்து டோக்கன்களை மாட்டினார்கள். நெரிசல், தண்ணீர்ப் பானை பக்கம் தள்ளுமுள்ளு, தூக்குவாளிச் சத்தம். பிறகு எல்லோரும் புளிய மரத்தடிக்குப் போய்விட்டார்கள். மேஸ்திரி பலகையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இடது ஓரத்தில் ஓர் ஆணி காலி. சரி.

"பாண்டியத் தவிர அம்புட்டுப் பேரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு!"

"பாண்டி, ஒதுங்கிக்கடா மாப்ள!"

குரல் போய்த் திரும்பியது. பிறகு எதுவும் இல்லை. பங்குனி உச்சியில் காக்கைகூடக் கத்தாது. அந்த அமைதியில், கிடங்குக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

டங்.

கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி. டங். டங்.

புளிய மரத்தடியில் பெண்கள் கும்பிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். "இன்னைக்கு என்ன இம்புட்டுச் சத்தமா நடமாடுறான்" என்று ஒரு பெண் முணுமுணுத்தார். "அவன் மேல சரிஞ்ச குவியலத்தான இன்னைக்கு அள்ளுறாக" என்றார் இன்னொருவர். மேஸ்திரி உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். புது ஆட்கள் ஆறு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் என் கரும்பலகைப் பாடத்தை எடுத்துவிட்டேன். வெயில், கல், விரிவு, சுருக்கம்.

இந்த இடத்தை நீங்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சத்தம் கேட்டது. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவர்களிடம் ஒரு பேய் இருந்தது, என்னிடம் ஒரு விஞ்ஞானம் இருந்தது. இரண்டும் சேர்ந்து ஓர் ஆளைக்கூட விளிம்புக்குப் போய் எட்டிப் பார்க்க விடவில்லை.

புது ஆட்களின் பயத்தைப் போக்கலாம் என்று பேச்சைப் பலகைக்குத் திருப்பினேன். எழுமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் முன்னால் நின்றார். சொந்த ஊரில் நிலம் உழுத சம்சாரி, மழை பொய்த்து இந்த வேலைக்கு வந்தவர். எண் படிக்கத் தெரியும் என்று காலையில் சொல்லியிருந்தார்.

"எந்த ஆணி காலியா இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்."

அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஒம்பது சார்" என்றார்.

எனக்கு எரிச்சல். "நல்லாப் பாருங்க. பதினேழு."

"இல்ல சார். பதினேழுல தொங்குதே."

நான் திரும்பினேன். மூன்றாம் வரிசையில் முதல் ஆணி. ஐந்து மாதமாக வெறும் ஆணியாகவே நான் பார்த்துப் பழகிய இடத்தில் ஒரு டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற டோக்கன்களெல்லாம் கை பட்டுப் பட்டு மினுங்கின. இது கறுத்து, ஒரு பக்கம் வளைந்து, இடுக்கில் மண் ஒட்டியிருந்தது. அடித்திருந்த எண் தெளிவாகத் தெரிந்தது. இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்ததுபோல எனக்கு ஒரு பிரமை.

நான் படித்தவன், எதையும் காரணம் காட்டி விளக்குகிறவன். அந்த நிமிஷம் பாண்டி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வந்து, மாட்டிவிட்டு, எனக்குப் பின்னால் நிற்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. கை மட்டும் கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடித்துக்கொண்டிருந்தது, ஊதத் தோன்றவில்லை. எத்தனை மூச்சு அப்படி நின்றேன் என்று தெரியாது. நான் நின்ற அத்தனை மூச்சும் கீழே திரியை நோக்கி நெருப்பு போய்க்கொண்டிருந்தது.

"அப்ப ஒம்பதாம் நம்பர் ஆளு இன்னும் உள்ளயா சார்?" என்றார் எழுமலைக்காரர்.

அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. பதினேழில் தொங்குவது யார் மாட்டியதாகவும் இருக்கட்டும். ஒன்பது அய்யாவு. அய்யாவுக்கு விசில் கேட்காது.

ஊதினேன். நெடிய விசில் என்றால் நிறுத்து என்று அர்த்தம். ஊதிக்கொண்டே விளிம்புக்கு ஓடினேன். கீழே மேஸ்திரி ஆறு குழிகளில் முதல் குழியின் திரியைக் கொளுத்திவிட்டு இரண்டாவதன் பக்கம் குனிந்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஒன்பது விரலைக் காட்டினேன், காதைக் காட்டினேன், உள்ளே காட்டினேன். எப்படிப் புரிந்ததோ, புரிந்துகொண்டார்.

கொளுத்திய திரியை விட்டு ஓடு என்பதுதான் நான் கற்றுக்கொடுத்த விதி. நீங்களும் அதையேதான் கற்றுக்கொடுக்க வேண்டும். மேஸ்திரி ஓடவில்லை. இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, புகைந்துகொண்டு போன இடத்துக்கு முன்னால் திரியை அறுத்து எறிந்தார். எறிந்த துண்டு தரையில் கிடந்து சீறி அணைந்தது. அதன் பிறகும் அவர் ஏறி வரவில்லை. சத்தம் வந்த திசைக்கு நடந்தார். நானும் இறங்கி ஓடினேன்.

மூலையில் ஒரு பெரிய உருண்டைக் கல். அதன் மறைவில் பாறை இடுக்கிலிருந்து கொஞ்சம் தண்ணீர் கசியும். அய்யாவு அங்கே குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். துளை போடும்போது இரண்டு கண்ணிலும் கல்தூள் விழுந்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தகரக் குவளையால் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தார். அள்ளும்போதெல்லாம் குவளை பாறையில் இடித்தது. டங். டங். காது இல்லை, கண்ணும் மூடியிருக்கிறது, எல்லோரும் போய்விட்டது அவருக்குத் தெரியவே தெரியாது. முதல் குழி அவர் முதுகிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது.

மேஸ்திரி தோளைத் தொட்டார். அய்யாவு கண்ணைத் திறக்காமலே, செவிடர்களுக்கே உரிய உரத்த குரலில் கேட்டார்:

"என்னப்பா, சாப்பாட்டு நேரம் ஆயிருச்சா?"

மேஸ்திரி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

மேலே வந்ததும் சந்தோஷம் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எல்லோர் கண்ணும் பதினேழாம் ஆணிக்குப் போனது. கூட்டம் பின்வாங்கியது. ஆளுக்கு ஆள் கிசுகிசுத்தார்கள்.

"பாண்டி வெளிய வந்துட்டாண்டா."

"வந்தவன் சும்மா வரலையே. தனக்குப் பதிலா ஒரு ஆள உள்ள வச்சுட்டுல்ல வந்துருக்கான்."

"யாரோ கூப்புட்டு வந்துருக்காக. கூப்புடாம எப்புடி வருவான்?"

எனக்கு அப்போதுதான் கணக்கு விளங்கியது. அந்த டோக்கன் தொங்காமல் இருந்திருந்தால், ஒன்பதும் பதினேழும் இரண்டும் காலியாக இருந்திருக்கும். இரண்டு காலி என்றால் மேஸ்திரி நின்றிருப்பார். ஒன்று காலி என்பதால் போனார். ஒன்பதாம் ஆணி இரண்டாம் வரிசையின் தொடக்கம், பதினேழாம் ஆணிக்கு நேர் மேலே. ஓர் ஆணி காலியாக இருப்பதுதான் சரி என்று ஐந்து மாதமாக எங்கள் கண்ணைப் பழக்கியிருந்தோம். அப்படிப் பழக்க அனுமதி கொடுத்தவன் நான்.

"யாரு மாட்டுனது? உண்மையச் சொல்லிருங்க" என்றார் மேஸ்திரி. சாயங்காலம் குறி சொல்லும் கோடாங்கியைக் கூப்பிட்டுக் கேட்போம் என்று பேச்சு எழுந்தது.

பேச்சி கூட்டத்துக்கு வெளியே தனியாக நின்றார். அவர் பலகையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை விரல்கள் கறுத்திருந்தன. சேலைத் தலைப்பில் டோக்கன் அளவுக்கு ஒரு வட்டக் கறை. அவர் உதடு பிரிந்தது. சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. சொன்னால், செத்த புருஷனைக் கூட்டி வந்து ஓர் உயிரைக் காவு கேட்டவள் என்ற பெயரோடுதான் அந்த இடத்தை விட்டுப் போவார். பிறகு அந்தச் சுற்று வட்டாரத்தில் எங்கேயும் அவருக்கு வேலை கிடைக்காது.

நான் முந்திக்கொண்டேன். "இன்னைக்கு வெடி கிடையாது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க. தப்பு ஆணியில இல்ல, ஆள் மேலயும் இல்ல, என் மேலதான்" என்றேன். சுத்தியலை வாங்கி, எல்லோர் முன்னாலும் அந்தப் பதினேழாம் ஆணியைப் பிடுங்கினேன். டோக்கனை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தப்பு என் மேல் என்று நான் என்னவோ சம்பிரதாயத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்து ஒருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. பாண்டிதான் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. பேயில்லை என்று ஊர் ஊராகப் பாடம் எடுத்தவன், அன்றைக்கு ஒரு பேயை உயிரோடு விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து அங்கே ஒவ்வோர் ஆணிக்கும் உரிய ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், ஆள் வந்து தன் டோக்கனைத் தொட்டுக் காட்டினார். அய்யாவுக்கு மிஷின் வேலையை மாற்றி, மேலே என் கண்ணெதிரில் இருக்கும் வேலை வாங்கிக் கொடுத்தேன். மேஸ்திரி ஒவ்வொரு நாளும் கிடங்கின் மூலை முடுக்கெல்லாம் நடந்து பார்த்துவிட்டுத்தான் திரியைத் தொட்டார். நான் சொன்னால் செய்யாதவர் இப்போது மட்டும் எப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருநாள் சீண்டினேன். "அடுத்த தடவ மாப்ள யாரக் கேப்பான்னு தெரியாதுல்ல சார்" என்றார்.

ஆணியைப் பிடுங்கிய அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பஸ்ஸுக்காக நான் மெயின் ரோட்டில் நின்றபோது பேச்சி வந்தார். இரண்டடி தள்ளி நின்றார்.

"குவியல அள்ளும்போது கெடச்சுச்சு சார். நாந்தான் மாட்டுனேன்."

"தெரியும்."

"அய்யாவண்ணன் உள்ள இருக்குறது எனக்குத் தெரியாது சார். சத்தியமா தெரியாது."

"அதுவும் தெரியும்மா. நீங்க பண்ணுனது தப்பில்ல."

"உள்ள போனவுக வெளிய வந்ததும் ஆணியில மாட்டணும்னு நீங்கதான சார் சொன்னீங்க. அதான் மாட்டுனேன். அவரு வெளிய வந்துட்டாருல்ல." பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அவருதான் அன்னைக்கு லோடு ஏத்தப் பாதியில எந்திரிச்சுப் போயிட்டாரு. வந்து சொன்னாரு, சார் மிச்சத்த அப்புறம் சொல்றேன்னுருக்காருன்னு. நான் கடைசி வரைக்கும் இருந்து கேட்டேன் சார். மழை பெஞ்ச மறுநாள் என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்."

நான் சட்டைப் பையிலிருந்து டோக்கனை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தார். மதுரை பஸ் வந்து நின்று போனது. நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸிலும் ஏறவில்லை.

பேச்சி காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. இனி யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன். அந்த ஆணியில் மாட்டியது பேய் அல்ல. என் வகுப்பை முழுதாகக் கேட்டு, நான் சொன்னதை அப்படியே செய்த ஒரே ஆள் அவர்தான். விசாரணைத் தாளில் என் கையெழுத்து இன்னமும் எங்கோ ஒரு கோப்புக் கட்டுக்குள் இருக்கும். "உரிய பயிற்சி பெற்றிருந்தும்" என்று அதில் இருப்பது பொய். பாண்டி பாதி வகுப்புதான் கேட்டார். மீதியை நான் அவருக்குச் சொல்லவில்லை.